காகிதமா, கைபேசியா? தோட்டத்து வீடுகளுக்கு மருந்து விவரம் எப்படி வந்து சேருகிறது?

உங்கள் பாட்டியோ தாத்தாவோ அரசாங்க கிளினிக்கில் வாங்கி வந்த மருந்துப் பையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வெட்டிய மாத்திரை அட்டைகள் இருக்கும். அவற்றைப் போட்ட பிளாஸ்டிக் உறை மேல், மலாய் மொழியில் அச்சிட்ட ஒரு லேபல் இருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான். மருந்து வந்த பெட்டி இருக்காது. பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத்தாளும் இருக்காது.

அந்த விவரத்தாளைப் பற்றித்தான் இன்று பல நாடுகளில் விவாதம் நடக்கிறது. தாளை எடுத்துவிட்டு, பெட்டி மேல் ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டினால் போதுமா? நோயாளிகளுக்கு எது வசதி, காகிதமா கைபேசியா?

நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லிங்கி, சிலியாவ் பக்கம் இருக்கும் தோட்டத்து வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால், அதற்கு முன்னாடி இன்னொரு கேள்வி நிற்கிறது: விவரம் வீட்டுக்கு வந்து சேருகிறதா? வந்தாலும் யாருக்குப் புரிகிற மொழியில் வருகிறது? பல வீடுகளில் அந்த இடைவெளியை நிரப்புகிறவர் நீங்கள்தான். அதனால் இதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மலேசியாவில் என்ன மாறுகிறது?

நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்து கண்காணிப்பது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். சுருக்கமாக என்.பி.ஆர்.ஏ. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, பதிவு செய்யாத மருந்தை இங்கே விற்க முடியாது.

2023இல் இந்த நிறுவனம் மின்னியல் விவரத்தாள் முறையை அறிமுகப்படுத்தியது. இது கட்டாயம் இல்லை. விரும்பும் மருந்து நிறுவனங்கள், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கு இந்த முறைக்கு மாறலாம். பெட்டி மேல் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் விவரத்தாள் திரையில் திறக்கும்.

இதில் உண்மையான நன்மைகள் இருக்கின்றன. ஒரு மருந்துக்குப் புதிய எச்சரிக்கை வந்தால், அச்சிட்ட தாள் பழசாகிவிடும். திரையில் இருப்பதை உடனே மாற்றலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். காகிதமும் மிச்சம்.

நோயாளிகளுக்காகவே எளிய மொழியில் எழுதிய தாள் ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘ரிமுப்’. இந்த மருந்து எதற்கு, சாப்பிடும் முன் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, பக்க விளைவு என்ன, எப்படிப் பத்திரப்படுத்துவது, இவை எல்லாம் தலைப்பு தலைப்பாக அதில் இருக்கும். என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

பெட்டியே வராத வீட்டில் கியூஆர் எதற்கு?

கியூஆர் குறியீடு இருப்பது வெளிப்பெட்டியில். ஆனால் அரசாங்க மருந்தகத்தில் பெரிய பெட்டியைப் பிரித்து, ஒருவருக்கு எத்தனை மாத்திரை வேண்டுமோ அத்தனையை எண்ணிக் கொடுப்பதே வழக்கம். ஆகவே பெட்டி கவுன்டருக்குப் பின்னாலேயே நின்றுவிடும். குறியீடும் அங்கேயே நின்றுவிடும். பழைய காகிதத் தாளுக்கும் இதே கதைதான். ஒரு பெட்டிக்கு ஒரு தாள். அந்தப் பெட்டியிலிருந்து மாத்திரை வாங்கியவர்களோ பல பேர்.

தனியார் மருந்தகத்தில் முழுப் பெட்டியாக வாங்குபவருக்குக் காகிதமா கைபேசியா என்ற விவாதம் பொருந்தும். கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையிலோ, பகாவ் சுகாதார கிளினிக்கிலோ மாதா மாதம் மருந்து எடுக்கும் ஒரு பெரியவருக்கு, கையில் வருவது லேபல் மட்டும்.

லேபலில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது இருக்கும். ஏன் சாப்பிட வேண்டும், எதனுடன் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்பது அதில் அடங்காது.

ஓர் உதாரணம் பாருங்கள். இனிப்பு நீருக்கு ‘கிளிக்கலசைட்’ என்ற மாத்திரை பலருக்குக் கொடுக்கப்படுகிறது. இதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். தைப்பூச விரதம், புரட்டாசி விரதம் என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். லேபல் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மட்டும்தான் சொல்லும். சாப்பாடே இல்லாத நாளில் என்ன பண்ணுவது என்பதற்கான விளக்கத்தை விவரத்தாளில்தான் தேட வேண்டும், அல்லது மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மூட்டு வலி மாத்திரை. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முழங்காலுக்கு ‘இபுபுரோஃபென்’, ‘டைக்ளோஃபெனாக்’ போன்றவற்றை வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இவை அழுத்தத்தை ஏற்றலாம். நாள் கணக்கில் எடுத்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இந்த எச்சரிக்கைக்கும் சின்ன லேபலில் இடம் கிடையாது.

டிரசர் வாய் வழியாகச் சொன்ன காலம்

தோட்டங்களில் மருந்து விவரம் ஒரு காலத்தில் காகிதத்திலும் வரவில்லை, திரையிலும் வரவில்லை. மனிதர் வாயிலிருந்து வந்தது.

தோட்ட மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒரு ‘டிரசர்’ இருப்பார். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்த அளவுக்கு அவர்கள் முக்கியம். டிரசர் தமிழில் பேசுவார். இன்ன லயத்தில் இன்னார் வீடு என்று அவருக்குத் தெரியும். மாத்திரையைக் கையில் கொடுத்து, “இது ராத்திரிக்கு, வெறும் வயித்துல போடாதே” என்று சொல்லிவிடுவார். புரியவில்லை என்றால் நாளைக்கும் போய்க் கேட்கலாம்.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல குடும்பங்கள் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறின. மருத்துவம் அரசாங்க கிளினிக்கின் பொறுப்பானது. டாக்டர், பரிசோதனை, மருந்து எல்லாமே முன்பைவிட மேம்பட்டன. ஆனால் தமிழில் உட்கார்ந்து விளக்கும் அந்த ஒரு ஆள் போய்விட்டார். நீண்ட வரிசையில், கவுன்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெரியவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்.

இப்போது மருந்தைத் தபாலில் பெறும் ‘உபாட் மெலாலுய் போஸ்’ சேவையும் இருக்கிறது. பஸ் வசதி குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பொட்டலத்தோடு சேர்ந்து விளக்கம் சொல்லும் ஆள் வர மாட்டார். கவுன்டர் பேச்சு குறையக் குறைய, எழுத்தில் இருப்பதன் பொறுப்பு கூடுகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம்?

2019இன் தேசிய சுகாதார, நோய்ப்பரவல் ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். அதே ஆய்வில், பெரியவர்களில் 35.1 விழுக்காட்டினருக்குச் சுகாதாரத் தகவலைத் தேடி, புரிந்து, பயன்படுத்தும் திறன் குறைவாக இருப்பது தெரிந்தது.

இந்த இரண்டாவது எண் படிக்காதவர்களைப் பற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். நாளிதழை வரி விடாமல் படிக்கும் தாத்தாவும் இதில் வரலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6ஆம் ஆண்டு வரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். லேபலின் மலாய்தான் அவருக்குத் தடை. உங்களுக்கோ மலாயும் ஆங்கிலமும் சுலபம், மருத்துவத் தமிழ்ச் சொல்தான் வாயில் வராது. மருந்து ஒரு மொழியில், நோயாளி ஒரு மொழியில், இடையில் நீங்கள்.

காகிதம் எதில் கெட்டி, போன் எதில் கெட்டி?

பெரியவர்கள் காகிதத்தைக் கேட்டால், “பழைய ஆளுங்க” என்று தள்ளிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. காகிதம் மருந்து டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். சார்ஜ் வேண்டாம், லைன் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆம்புலன்ஸ் வந்தால் அப்படியே நீட்டலாம். முக்கியமாக, அது நோயாளியின் கையில் இருக்கும். போனில் இருக்கும் விவரம் பெரும்பாலும் பேரன் போனில் இருக்கும். பேரன் சிரம்பானுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனால், விவரமும் கூடவே போய்விடும்.

போனுக்கும் அதன் பலம் உண்டு. நுணுக்கி அச்சடித்த தாளைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாதவருக்கு, திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம். வாசிக்கத் தெரியாதவருக்கு, நீங்கள் தமிழில் பேசி அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு எந்தத் தாளையும்விட மேல். இன்சுலின் ஊசி எப்படிப் போடுவது என்பதை எழுத்தைவிடக் காணொளி நன்றாகச் சொல்லும்.

ஜப்பான் இதில் கவனிக்க வேண்டிய நாடு. 2021 ஆகஸ்ட் முதல், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் பெட்டிக்குள் இருந்த அச்சுத் தாளை நீக்கி, மின்னியல் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். ஆனால் அந்தத் தாள் டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் உரியது. நோயாளிக்கு மருந்தகத்தில் படத்தோடு அச்சிட்ட விளக்கத் தாள் கொடுப்பதும், என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று பதியும் சின்ன நோட்டுப் புத்தகமும் தொடர்கின்றன. நிபுணர்களுக்குத் திரை, நோயாளிக்குக் காகிதம், விருப்பப்பட்டால் செயலி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நோயாளியை அவர்கள் நெருக்கவில்லை.

லேபலில் தடுக்கி விழும் இடங்கள்

மலாய் தெரியும் என்ற தைரியத்தில் வேகமாக மொழிபெயர்த்தால் தப்பாகும் சில சொற்கள் இருக்கின்றன.

‘ஹாத்தி’: பாட்டுகளில் இது மனசு. மருந்துத் தாளில் இது கல்லீரல். ‘மசாலா ஹாத்தி’ என்று இருந்தால் இதயக் கோளாறு இல்லை, ஈரல் கோளாறு. இதயத்துக்கு ‘ஜந்தோங்’.

‘செகாலி செஹாரி’, ‘செலாங் செஹாரி’: முதலாவது தினம் ஒரு முறை. இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். பார்க்க ஒன்று போலத் தெரியும், அளவோ இரண்டு மடங்கு வித்தியாசம்.

‘செமிங்கு செகாலி’: வாரம் ஒரு முறை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ‘மெத்தோட்ரெக்சேட்’ இப்படிப்பட்டது. இதை வாரத்துக்கு ஒரு நாள் என்பதற்குப் பதிலாகத் தினமும் போட்டு உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எந்தக் கிழமை என்று உறை மேல் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள்.

‘பிலா பெர்லு’: தேவைப்பட்டால் மட்டும். வலி இல்லாத நாளில் வேண்டாம். ‘ஹபிஸ்கான்’: நோய் தணிந்தாலும் கொடுத்ததை முடிக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்துகளில் இதைப் பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்து நிறம். “வெள்ளை மாத்திரை காலையில, ரோஸ் மாத்திரை ராத்திரி” என்று பல வீடுகளில் நிறத்தை வைத்தே கணக்கு நடக்கிறது. அரசாங்க மருந்தகத்தில் மருந்தைத் தரும் நிறுவனம் மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வரும். மிச்சம் இருக்கும் பழையதையும், புதிதாக வந்ததையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். கடையில் வாங்கும் மருந்திலும் இது நடக்கும். ‘பனடோல்’, ‘யூபமால்’ இரண்டுமே பாரசிட்டமால்தான். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் அதன் உச்ச அளவு 4 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரையில் 8. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், வாங்கும்போதே கேளுங்கள். கவுன்டரில் மூன்று கேள்வி போதும்: இது எதற்கு? ஒரு வேளை மறந்தால் என்ன பண்றது? எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது? ரிமுப் தாளை அச்சிட்டுத் தர முடியுமா என்றும் கேட்கலாம். வீட்டிலேயே தரவிறக்கி நீங்கள் அச்சிடுவதும் எளிது.

இரண்டாவது, உறை மேல் உள்ள மருந்துப் பெயரைப் பார்த்துத் தேடுங்கள். நிறத்தை வைத்தோ, ‘பிரஷர் மாத்திரை’ என்றோ தேடினால் தப்பான பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். ஒரே பெயரில் பல அளவுகள் இருக்கும். மில்லிகிராமையும் சரி பாருங்கள்.

மூன்றாவது, எந்தக் கியூஆர் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். சில மருந்துப் பெட்டிகளில் ‘ஃபார்மாடேக்’ என்ற பாதுகாப்பு ஒட்டி இருக்கும். அதிலும் கியூஆர் உண்டு. அது மருந்து பதிவு பெற்ற அசல் தானா என்று சோதிக்க. விவரத்தாள் அதில் திறக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

நான்காவது, ஒரே ஒரு தமிழ்த் தாள் தயார் செய்யுங்கள். கட்டம் போட்டு: மருந்தின் பெயர், எதற்கு, காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் போதும். பாட்டி வழக்கமாகச் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். ‘நீரிழிவு’ என்பதைவிட ‘இனிப்பு நீர்’ என்றால் அவருக்குச் சட்டென்று புரியும். தாளின் கீழே தேதி போடுங்கள். மருந்து மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, அந்தத் தாளையும் உறை லேபல்களையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தன் நோய் எல்லாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. தாள் டப்பாவில், படம் போனில். காகிதமா கைபேசியா என்ற கேள்வி இந்த வீட்டில் அதோடு தீர்ந்துவிடும்.

எதை நீங்களே முடிவு செய்யக்கூடாது?

மொழிபெயர்ப்புச் செயலியை லேபல் மேல் காட்டினால் தமிழ் வரும். பொதுவாகப் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் எண்ணிக்கை, ‘முன்’, ‘பின்’, ‘நிறுத்து’ என்ற சொற்களில் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

விவரத்தாளில் பக்க விளைவுப் பட்டியல் நீளமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, “இதை நிறுத்திடுங்க பாட்டி” என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாருக்கும் வருவதில்லை. ரத்தக் கொதிப்பு மருந்தையோ இன்சுலினையோ திடீரென்று நிறுத்துவது பல நேரங்களில் பக்க விளைவைவிட ஆபத்து. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு, சுகாதார அமைச்சின் தேசிய மருந்தக அழைப்பு மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1-800-88-6722. அலுவலக நேரத்தில், நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே பேசலாம். மருந்தால் ஏதோ கோளாறு வந்தது என்று தோன்றினால், என்.பி.ஆர்.ஏ.விடம் பயனீட்டாளரே புகார் செய்யும் படிவமும் உண்டு. ‘கன்செர்ஃப்’ என்று அதற்குப் பெயர்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொன்னதை அவர் புரிந்துகொண்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “புரிஞ்சிதா?” என்று கேட்டால் எல்லாரும் “ஆமா” என்பார்கள். அதற்குப் பதிலாக, “நாளைக்குக் காலையில எதை எடுப்பீங்க, எப்ப எடுப்பீங்க, எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்வது உறை மேல் இருப்பதோடு ஒத்துப்போனால், விவரம் வந்து சேர்ந்துவிட்டது.